கல்லுக்குள் இரும்பு... பாரிஸின் இந்தப் பங்கு ஆலயத்தைத் தெரியுமா?

பாரிஸின் மால்ஷெர்ப் பெருஞ்சாலையில் நடந்தால் ஒரு பிரம்மாண்டக் குவிமாடம் எதிரே வந்து நிற்கும். புனித அகுஸ்தினார் பங்கு ஆலயம். பார்த்தால் முழுக்கக் கல் கட்டடம்தான். ஏமாந்துவிடாதீர்கள்! பாரம் தாங்குவது உள்ளே நிற்கும் இரும்புச் சட்டம். கல் பெரும்பாலும் போர்வை! அதனால்தான் பழைய பிரெஞ்சுப் பேராலயங்களுக்கு வெளியே முட்டுக்கொடுத்து நிற்கும் வளைவுகள் இங்கே ஒன்றுகூட இல்லை.

கட்டியவர் யார் தெரியுமா? பாரிஸின் புகழ்பெற்ற 'லே ஆல்' மொத்தச் சந்தைக்கு இரும்புக் கூடங்கள் போட்ட விக்டர் பல்தார்! காய்கறிச் சந்தை கட்டியவர் கையில் கத்தோலிக்க ஆலயம். அதிலும் அவர் ஒரு புராட்டஸ்டண்ட்! 1860-இல் தொடங்கிய வேலை 1871 வரை நீண்டது. அவர் கட்டிய சந்தையை 1970-களில் இடித்துத் தள்ளிவிட்டார்கள், ஆலயம் அசையவில்லை.

மனை வேறு கோணல்மாணல். சாலைகள் சந்திக்கும் முக்கில், முன்பக்கம் ஒடுங்கிப் பின்பக்கம் விரிந்த ஆப்பு வடிவ நிலம். பல்தார் அசரவில்லை. வாசலைக் குறுக்கி, உள்ளே போகப் போகப் பக்கவாட்டுச் சிற்றாலயங்களைப் பெரிதாக்கிக்கொண்டே போய்க் குவிமாடத்தின் அடியில் நம்மை நிறுத்திவிட்டார்! வழியெல்லாம் மெலிந்த வார்ப்பிரும்புத் தூண்கள், அவற்றில் வண்ணம் பூசிய தேவதூதர்கள். இரும்பை மறைக்காமல் அழகாக்கிக் காட்டிய இந்தத் துணிச்சலுக்கே ஒரு சபாஷ் போடலாம்.

மூன்றாம் நெப்போலியன் தன் குடும்பத்தாரின் கல்லறையை இதன் நிலவறையில் அமைக்க ஆசைப்பட்டார். நடந்ததோ வேறு! 1870-இல் ஆட்சி கவிழ்ந்தது. அவர் உறங்குவது இங்கிலாந்து மண்ணில்.

இன்னொன்று கேளுங்கள். எடிசனின் மின்விளக்கு வந்தது 1879-இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கே மின்சார ஆர்கன்! கட்டையை அழுத்தினால் மின்சுற்று இணையும், மின்காந்தம் காற்றுக்கு வழிவிடும், குழாய் பாடும். பெஷார் என்பவரின் யோசனைக்கு ஆர்கன் தயாரிப்பாளர் பார்க்கர் இங்கே உருவம் கொடுத்தது 1868-இல். இந்த ஆலயத்தின் ஆர்கன் இசைஞராக எழேன் ஜிகூ இருந்தது எத்தனை ஆண்டுகள் தெரியுமா? 62!

என்னைக் கேட்டால், குவிமாடத்தைவிடப் பெரிய சங்கதி ஒன்று இங்கே சத்தமில்லாமல் நடந்தது. 1886 அக்டோபர். முன்னாள் குதிரைப்படை அதிகாரி, யூதர் வேடத்தில் மொராக்கோவைச் சுற்றி வந்தவர், கடவுள் நம்பிக்கையை இழந்திருந்த 28 வயது சார்லஸ் டி ஃபூக்கோ, உள்ளே வந்து உவ்லேன் என்ற உதவிப் பங்குக் குருவைத் தேடினார். மதத்தைப் பற்றி விளக்கம் கேட்கத்தான் வந்தார். குருவோ, "முழங்காலிடுங்கள், முதலில் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள்" என்றுவிட்டார்! மண்டியிட்டு எழுந்தவர் வேறு மனிதர். பின்னாளில் சகாராவில் துவாரெக் மக்களோடு வாழ்ந்து, 1916-இல் அங்கேயே கொல்லப்பட்டார்.

நமக்கு மெய்சிலிர்க்கும் செய்தி இதோ: 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த அதே திருப்பலியில், நம் குமரி மாவட்டம் நட்டாலத்தின் தேவசகாயம் பிள்ளையும் புனிதரானார்!

இத்தனை பெருமையும் யாருக்குச் சொந்தம்? திருச்சபைக்கு அல்ல, பாரிஸ் மாநகருக்கு! 1905-இன் பிரெஞ்சுச் சட்டப்படி, ஏற்கெனவே கட்டியிருந்த பங்கு ஆலயங்கள் பெரும்பாலும் உள்ளாட்சிகளின் உடைமை. வழிபாட்டு உரிமை மட்டும் பங்குக்கு.

பாரிஸ் போனால் 9-ஆம் எண் மெட்ரோவில் ஏறுங்கள். ஆலயத்தின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. உள்ளே போனதும் தூண்களைத் தொட்டுப் பாருங்கள், இரும்பின் சில்லிப்பு தெரியும்!