சரிவு எதிரொலி: காந்தப் படமாக்கத்தின் விரைவு நெறி

காந்த ஒத்திசைவுப் படமாக்கம் என்பது, உடலில் நிறைந்துள்ள நீரிய அணுக்கருக்களின் காந்தப் பண்பைக் கொண்டு, கத்தியும் ஊடுகதிரும் இன்றி உள்ளுறுப்புகளைக் காட்டும் முறையாகும். வலிய காந்தப் புலத்துள் வைக்கப்பட்ட அணுக்கரு, சுழலும் பம்பரம் தலையாட்டுவதுபோல் புலத்தின் அச்சைச் சுற்றி வரும். இந்த அச்சலைவின் அலைவெண் புலத்தின் வலிமையோடு நேர்த் தகவில் அமையும். 1 டெசுலா புலத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 4 கோடியே 26 இலக்கம் சுற்று. எனவே, புலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சீராகச் சரித்துவிட்டால், ஒவ்வோர் இடமும் தனக்கென ஓர் அலைவெண்ணைப் பெறும். அலைவெண்ணை அறிந்தால் இடத்தை அறியலாம்.

கலந்து வரும் அலைவெண்களைப் பிரித்தறியும் கணக்கு முறையை, பிரெஞ்சு அறிஞர் பூரியே, வெப்பம் பற்றிய தம் நூலில் 1822இல் விளக்கினார். அடுத்த ஆண்டே, பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி ஒன்று தோன்றிற்று. கோரிமேட்டில் இன்று விளங்கும் சிப்மர் மருத்துவ நிறுவனம் அப்பள்ளியின் வழிவந்தது. அங்கே நோயாளி ஒருவரின் மூளைப் படம் திரையில் விரியும்போது, பூரியேயின் கணக்கே அதனை விரிக்கிறது.

அணுக்கருக்களின் கூட்டுக் காந்தமாக்கத்தைச் சாய்க்கும் வானலைத் துடிப்புகளையும் புலச் சரிவுகளையும் எந்த ஒழுங்கில், எவ்வளவு இடைவெளியில் தருவது என்னும் நிரலே துடிப்பு வரிசை. அதன் அடிப்படை வகைகள் இரண்டு. 1950இல் எர்வின் ஆன் கண்டறிந்த தற்சுழற்சி எதிரொலியில், 90 பாகைத் துடிப்பை அடுத்து 180 பாகைத் துடிப்பு வருகிறது. அது புலத்தின் நிலையான ஏற்றத்தாழ்வுகளால் விளைந்த சிதறலை நீக்கிவிடும். சரிவு எதிரொலியில் அவ்விரண்டாம் துடிப்பு இல்லை. புலச் சரிவு முதலில் ஒருபுறமாக இயங்கி அணுக்கருக்களை ஒன்றோடொன்று இசையாமல் பிரிக்கிறது. பின் மறுபுறமாகத் திரும்பி, முன் செய்ததற்கு ஈடு செய்து முடிக்கும் நொடியில் அவை மீண்டும் இசைய, எதிரொலி எழுகிறது.

இதன் விரைவுக்குக் காரணம் சாய்கோணத்தின் சிறுமை. காந்தமாக்கத்தை 20 பாகை மட்டும் சாய்த்தால், புலத்தின் வழியே அமைந்த நெடுக்கைக் கூறில் 94 விழுக்காடு அப்படியே எஞ்சும். ஆயினும் 34 விழுக்காடு குறுக்கே திரும்பிக் குறிகை தரும். 6 விழுக்காட்டை இழந்து 34 விழுக்காட்டைப் பெறுவதால், நெடிய மீட்சிக்குக் காத்திராமல் அடுத்த துடிப்பைத் தரலாம். செருமனியின் கோட்டிங்கன் நகரில் ஆசே, பிராம் முதலியோர் இந்நெறியைக் கையாண்டு 1986இல் வெளியிட்ட முறை, பல நிமிடப் படப்பிடிப்பை நொடிக் கணக்கிற்குக் குறைத்தது.

சரிவு எதிரொலியும் இருவகைப்படும். எஞ்சும் குறுக்குக் காந்தமாக்கத்தை ஒவ்வொரு முறையும் கலைத்துவிடுவது ஒன்று. மூச்சடக்கிய சிறு பொழுதில் வயிற்றுறுப்புகளைப் படமாக்க அது உதவும். அதனைக் கலைக்காமல் பேணி, நிலைத்த ஒழுங்கில் நிறுத்துவது மற்றொன்று. துடிக்கும் இதயத்தின் அசைவைக் காட்டுவதில் அது சிறந்தது.

இரண்டாம் துடிப்பைத் துறந்ததால், புலத்தின் ஏற்றத்தாழ்வு இங்கே நீங்காமல் நிற்கிறது. பல்லில் பதித்த மாழையின் அருகிலும், காற்று நிறைந்த எலும்பறைகளின் அருகிலும் அது படத்தைக் குலைக்கும். ஆனால் அதே பண்பு அரிய பயனும் தருகிறது. மூளையில் கசிந்து உறைந்த குருதியின் இரும்பு, தன்னைச் சூழ்ந்த புலத்தைத் திரிக்கிறது. அதனால் பிறவகைப் படத்தில் புலப்படாத நுண்கசிவும், சரிவு எதிரொலிப் படத்தில் தன் உண்மை அளவினும் பெரிய கரும்புள்ளியாய்த் தோன்றும்.

ஆகவே, ஒரு வரிசை களையும் பிழையையே மற்றொரு வரிசை சான்றாகக் கொள்கிறது. எதனைத் தேடுகிறோம் என்பதை மருத்துவர் முதலில் தெளிந்தால், எவ்வரிசை வேண்டும் என்பது தானே விளங்கும். இவ்வளவையும் வரையறுக்கவும் வகைப்படுத்தவும் காரணம் காட்டவும் தமிழுக்கு ஆற்றல் உண்டு. இவ்வறிவைப் பாடநூலில் ஏற்றி, புதுச்சேரியின் மாணாக்கர் தம் தாய்மொழியிலேயே கற்கச் செய்வது நம் கடன்.