மீன் எண்ணெயோடு விற்றமின் குளிசையும் வேண்டுமா?

குருவிட்டத் தோட்டங்களுக்குக் கடல் தூரம். லயத்துக் கறிச்சட்டிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் நெத்தலி, கருவாடு, டின்மீன்தான். இப்போது வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பொதிகளில் மீன் எண்ணெய்க் குளிசையும் வருகிறது, சிலவேளை கூடவே விற்றமின் 'ஈ'யும்.

இரண்டையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு ஒட்சிசன் பட்டால் எளிதில் கெடும். பழைய கருவாட்டின் காறல் மணம் அதுதான். உடலுக்குள்ளும் இது நடக்கலாம். அங்கே கலச்சுவரில் நின்று தடுப்பது விற்றமின் 'ஈ'. அது களைத்தால் மீட்டுக்கொடுப்பது விற்றமின் 'சீ'.

அதற்காகக் குளிசையை விழுங்க வேண்டுமா? இத்தாலியில் மாரடைப்பிலிருந்து தப்பிய 11,324 பேரிடம் சோதித்தார்கள். 1999இல் வெளியான முடிவின்படி, தினமும் 1 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களிடையே மரணம் குறைந்தது. 300 மில்லிகிராம் விற்றமின் 'ஈ'யால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் சிலவற்றில் மீன் எண்ணெயும் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை.

மீன் எண்ணெய் கெடாதிருக்கப் பல கம்பனிகள் விற்றமின் 'ஈ'யைக் குளிசைக்குள்ளேயே சேர்க்கின்றன. லேபிளைப் பாருங்கள். நாட்கூலியில் தனியாக வாங்குவது வீண்செலவு. நெத்தலிக் குழம்போடு தேசிக்காய் பிழிந்த வல்லாரைச் சம்பல், பிறகு ஒரு கொய்யாப்பழம்: 'சீ' அதிலேயே கிடைக்கும். நிலக்கடலையில் 'ஈ' உண்டு.

இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இவ்விரு குளிசைகளையும் தொடக் கூடாது, இரத்தக்கசிவு கூடலாம். மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள். அதில் விற்றமின் 'ஏ' அதிகம், கர்ப்பிணிகளுக்கு ஆகாது.