புயலும் சாளரமும்

சோழமண்டலக் கடற்கரையில் வாழ்வோர் புயலின் கொடுமையை நன்கறிவர். 2018 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16 ஆம் நாள் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்த 'கஜா' புயல் பல்லாயிரம் வீடுகளைச் சிதைத்தது.

கூரை பறிபோவதற்குச் சாளரம் உடைதலும் ஒரு காரணமாகும். காற்றை எதிர்நோக்கிய சாளரம் உடையின், உட்புகுந்த காற்று கூரையை மேல்நோக்கித் தள்ளும். கூரைமீது விரைந்து செல்லும் காற்றோ அதனை மேலிழுக்கும். ஆதலின், சாளரத்தைக் காத்தல் கூரையைக் காத்தலேயாம்.

காற்றின் விரைவு இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்மடங்காகும். ஆகவே, கண்ணாடியை நம்பாது புறத்தே காப்புக் கதவு அமைத்தல் வேண்டும். தடித்த மரப்பலகை ஏற்றது. இரும்புத் தகடாயின், உப்புக்காற்றில் துருவேறாவண்ணம் துத்தநாகம் பூசியதே நன்று. கதவு வலியதாயினும் கீல் தளர்ந்திருப்பின் பயன் யாது? சட்டம் சுவரில் ஆழப் பதிந்திருத்தலும், உட்புறம் குறுக்குத் தாழ் இருத்தலும் இன்றியமையாதன.

கடற்பக்கத்துச் சாளரங்களுக்கு மட்டும் காப்பிடுதல் போதாது. புயலின் கண் கடக்குங்கால் காற்று அடங்கும். சற்று நேரத்தில் எதிர்த்திசையினின்று மீண்டும் சீறும். எனவே, நாற்புறமும் காப்பு வேண்டும். அவ்வமைதியை நம்பி வெளியே செல்லுதலும் ஆகாது. வானம் தெளிந்த நாளிலேயே கதவுகளைத் தாழிட்டுப் பார்த்தல் அறிவுடைமை.