ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவே ஒரு வீடு

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியும், 1017-ஆம் ஆண்டில் அங்கே அவதரித்த இராமானுஜரும், சித்திரைத் திருவாதிரை உற்சவமுமே நினைவுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. 1990-களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை எழுந்ததற்குப் பின்னர், ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று ஏரிப் பாசன வயல்களை ஊடுருவிச் சிப்காட் வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பரவி, காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் கைபேசியும் அங்கிருந்து தேச தேசாந்தரங்களுக்குப் போகத் தொடங்கியபடியால், இப்போது அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன், அதிகாலை இருட்டில் சாலையோரம் முதுகுப் பையும் அடையாள அட்டையுமாக நிற்கும் இளைஞர் கூட்டமும், அவர்களை ஏற்றிக்கொள்ள வரும் கம்பெனி பஸ்ஸுமே முதலில் கண்முன் வருகின்றன.

காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று மூன்று கூறாக நாளைப் பங்கிட்டுக்கொண்டு வாழும் இந்த மக்களிடம், "வீட்டின் சின்னஞ்சிறு இன்பங்களை அனுபவிக்கப் பழகுங்கள், ஆரோக்கியத்துக்கு நல்லது" என்று உபதேசிக்க வருகிறவர், முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு வாய் திறப்பது உத்தமம்: வாலாஜாபாத்திலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ வந்துபோகிற ஒரு தொழிலாளி, எட்டு மணி நேர வேலையும், போகவர பஸ் பிரயாணமும், அவ்வப்போது வந்து சேரும் ஓ.டி.யும் கழிந்தபின், வீட்டில் விழித்திருக்கும் பொழுது எவ்வளவு? அந்தப் பொழுதிலும் வீட்டார் விழித்திருக்கும் பொழுது எவ்வளவு? இன்பத்தை அனுபவிப்பது மனத்தின் நற்குணத்தைச் சேர்ந்த காரியம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. அது பெரும்பாலும் சரீரத்தின் சக்தி. நித்திரையும் ஓய்வும் கிடைத்த உடம்புக்கு அது தானே வரும். கிடைக்காத உடம்பிடம் எத்தனை வற்புறுத்தினாலும் வராது.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம்

இரண்டு கண்களிலிருந்தும் மூளைக்குச் செல்லும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு பகலையும் இரவையும் அறிந்து, எப்போது உறக்கம் வர வேண்டும், எப்போது உடம்பின் உஷ்ணம் தணிய வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் நிர்ணயிப்பது அதுவே. அணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. ஷிப்ட் அட்டவணையில் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருக்கும் நேரத்தை இந்தக் கடிகாரம் அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்வதில்லை. விடிவதற்கு முந்திய நேரத்தில், உடம்பின் உஷ்ணம் மிகவும் தாழ்ந்து உறக்கம் உச்சத்தில் இருக்க வேண்டிய வேளையில், லைனில் நின்று வேலை செய்கிறவர், காலை எட்டு மணிக்கு வீட்டில் வந்து படுத்தால், உடம்பு அப்போதுதான் விழித்துக்கொள்ள ஆயத்தமாகிறது. ஆகையால் பகல் உறக்கம் நீளத்திலும் குறைவு, ஆழத்திலும் குறைவு.

இந்தக் குறைவு களைப்போடு நிற்பதாக இருந்தால் பாதகமில்லை. உறக்கமின்றி ஓர் இரவைக் கழித்தவர்களின் மூளையை 2007-இல் உறக்க ஆராய்ச்சியாளர் மாத்யூ வாக்கர் குழுவினர் ஆராய்ந்தபோது, மனத்தைக் கலக்கும் படங்களைக் கண்டு அச்சமும் சினமும் கொள்ளும் பகுதி, நன்றாக உறங்கியவர்களைக் காட்டிலும் சுமார் 60 விழுக்காடு அதிகமாகக் கொந்தளித்தது தெரியவந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்த தகப்பன், குழந்தை தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டதற்காகச் சீறி விழுவதும், பிறகு அதற்காக வருந்துவதும் எந்த வீட்டிலும் நடப்பதே. அதை அவருடைய சுபாவத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

நாட்பட்ட தீங்கும் உண்டு. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியை, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் 2007-இல் சேர்த்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 2019-இல் மறுபடி பரிசீலித்து அதையே உறுதி செய்தது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக அறிவித்தன. ஓ.டி. பணத்தால் தவணை கட்டும் குடும்பத்தார் இந்த எண்ணையும் வரவு செலவுக் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஆகவே வீட்டு இன்பத்துக்கு முதல் ஏற்பாடு, பகல் உறக்கத்துக்கு ஓர் இருட்டு இடம். ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி, தலைமாட்டில் கைபேசி இல்லாமை, இரவுப் பணியின் பின்பாதியில் டீயையும் காப்பியையும் நிறுத்துதல் (குடித்த காபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும்), இவை செலவில்லாத வைத்தியம். மிக்ஸியையும் குக்கரையும் அந்நேரத்தில் அடக்கி வைப்பது வீட்டார் செய்யக்கூடிய உபகாரம். பஸ்ஸிலிருந்து இறங்கி ஊருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறவர், கண் செருகினால் வண்டியை ஓரங்கட்டிக் கால்மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுப் போக வேண்டும். வீட்டில் காத்திருப்பவர்கள் அந்தத் தாமதத்தைக் குறை சொல்லமாட்டார்கள்.

கைபேசி தராத ஒன்று

வேலை முடிந்து வந்தவுடன் படுக்கையில் சாய்ந்து, ஒரு மணி நேரம் ரீல்ஸ் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, எழும்போது ஒன்றும் அனுபவித்த திருப்தியில்லாமல் தலைபாரம் மட்டும் மிஞ்சுவதைப் பலரும் உணர்ந்திருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் செய்த ஆராய்ச்சிகள் இதற்கு ஒரு விளக்கம் தருகின்றன. ஒரு பொருளை நாடி ஓடச் செய்யும் ஏக்கம் வேறு, அது கிடைத்தபின் அதில் ருசி காண்பது வேறு. மூளையில் இவற்றுக்கு வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. டோபமைன் என்னும் ரசாயனம் முதலாவதற்கே உரியது. அந்த ரசாயனம் ஏறத்தாழ முழுவதும் அற்றுப்போன எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டபோது உதட்டை நக்கி ருசிக்கவே செய்தன. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று விரலை ஓட்டும் கைபேசி அந்த ஏக்கத்தைக் கிளறிக்கொண்டே இருப்பதில் கெட்டிக்கார சாதனம். ருசியை அது உத்தரவாதம் செய்வதில்லை.

ருசி வேறிடத்தில் கிடைக்கிறது. இரவு வேலை முடிந்து வந்தவர் வாசல் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, மோர்மிளகாயைக் கடித்தபடி பழைய சோறு குடிக்கும் வேளை. பள்ளிக்குக் கிளம்பும் மகளுக்குத் தாய் சடை பின்னிவிட, ரிப்பன் முடியும் பொறுப்பு மட்டும் தகப்பனுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் ஐந்து நிமிஷம். ஏரிப் பக்கத்துக் காற்று எழும் மாலையில் மொட்டை மாடியில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே இருவர் பேசும் ஊர்க்கதை. இவற்றில் ஒன்றுக்கும் காசு வேண்டாம். ஆனால் கவனம் வேண்டும். 2,250 பேரின் கைபேசிக்கு அவ்வப்போது கேள்வி அனுப்பி ஆராய்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்னும் இருவர், விழித்திருக்கும் நேரத்தில் 46.9 விழுக்காடு மனம் கைவேலையை விட்டு எங்கோ அலைகிறது என்றும், அலையும் வேளைகளில் மனிதர் மகிழ்ச்சி குன்றியிருக்கிறார்கள் என்றும் 2010-இல் வெளியிட்டார்கள். இன்பத்தைத் துய்ப்பது எப்படி என்பதையே ஆராய்ந்து ஜோசப் வெராஃபுடன் சேர்ந்து 2007-இல் நூல் எழுதிய ஃபிரெட் பிரையன்ட் கூறும் வழிகளில், அப்போதே அருகிலிருப்பவரிடம் "நன்றாயிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவதும் ஒன்று. நம்மவர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு, குழம்பில் உப்புக் குறைந்தால் வாய் திறப்பதும், குழம்பு அமைந்துவிட்டால் மௌனமாகச் சாப்பிட்டு எழுந்திருப்பதும் பரம்பரை வழக்கமாக இருக்கிறபடியால், இந்த வைத்தியம் மாத்திரையைவிடக் கசப்பாக இருக்கக்கூடும்.

கணவனும் மனைவியும் வெவ்வேறு ஷிப்டில் இருந்தால் என் செய்வது? ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து ஒருவர் மூன்றரை மணிக்கு வந்து சேர, செகண்ட் ஷிப்டுக்குப் பன்னிரண்டரை மணிக்கே பஸ் ஏறிவிட்ட மற்றவர் நள்ளிரவை நெருங்கித் திரும்ப, ஒரு வாரம் முழுவதும் ஒருவர் உறங்கும்போதே மற்றவர் விழித்திருக்கும் குடும்பங்கள் இங்கே அபூர்வமல்ல. அத்தகையவர்கள் தினந்தோறும் சந்திக்க முயன்று இருவர் உறக்கத்தையும் கெடுத்துக்கொள்வதைவிட, ஷிப்ட் அட்டவணை வந்தவுடனே அந்த வாரத்தில் இருவரும் விழித்திருக்கும் வேளைகளைக் காலண்டரில் குறித்து, அவற்றில் ஒன்றையேனும் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களுக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பது விவேகம்.

யாருக்கு மகிழ்ச்சி, யாருக்கு வேலை

வீட்டின் இன்பம் என்று பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒன்றை மறைத்துவிடுகின்றன: அந்த இன்பத்தை ஆக்கிவைப்பது யார் என்பதே அது. 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டார்கள். ஆலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் பெண்ணுக்கு, வீட்டில் மற்றொரு ஷிப்ட் காத்திருக்கிறது. மொட்டை மாடிக் காற்று அவளுக்கும் வீச வேண்டுமானால், பாத்திரம் விளக்குவதும் மறுநாள் காய் நறுக்குவதும் பங்கு பிரிய வேண்டும். கணவன்மார் இதை மனைவிக்குச் செய்யும் "உதவி" என்று வர்ணிக்கும் வரையில் பங்கு பிரியவில்லை என்றே கொள்ளலாம்.

அறையே வீடாகும்போது

தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் பதினாயிரக்கணக்கானோருக்கு வீடு என்பது வாடகை அறை அல்லது ஹாஸ்டல் கட்டில். அந்த வாழ்க்கை எவ்வளவு தூரம் கெட்டுப்போகலாம் என்பதை 2021 டிசம்பரில் நாடே கண்டது: கைபேசி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்து பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் தங்கியிருந்த பெண்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் உணவு நஞ்சாகி மருத்துவமனைக்குச் செல்ல, மற்றவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். அதன்பின், 2024 ஆகஸ்ட் 17-இல், வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கென 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது.

கட்டடம் நல்லதே. ஆனால் வீட்டின் ருசி, தான் தேர்ந்துகொள்ளும் உரிமையிலும் இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை தன் ஊர்ப் பக்குவத்தில் ஒரு ரசம் வைத்துக்கொள்ள அடுப்பு, ஊரிலிருந்து அம்மா அனுப்பிய ஊறுகாய் ஜாடியை வைக்க ஓர் அலமாரி, நைட் ஷிப்ட் தோழி உறங்கும்போது விளக்கணைக்கும் ஒப்பந்தம், மாதவிடாய் நாளில் வெந்நீர். விடுதி நடத்துகிறவர்கள் இவற்றைச் சலுகையாக எண்ணாமல் சுகாதார ஏற்பாடாகவே எண்ணுவது தகும்.

ருசியே அற்றுப்போனால்

இதுவரை சொன்னதற்கு எல்லாம் ஓர் எல்லை உண்டு. நன்றாக உறங்க வாய்ப்பிருந்தும், வாரவிடுமுறை கழிந்தும், முன்பு பிடித்திருந்த காப்பியும் குழந்தையின் மழலையும் சிநேகிதர் பேச்சும் ஒன்றுமே உறைக்காமல் போய்விடுவது, அல்லது மனம் இருண்டே கிடப்பது, இவ்விரண்டில் ஒன்று நாளின் பெரும்பகுதியும், ஏறத்தாழ எல்லா நாளும், இரண்டு வாரம் நீடித்தால், அது மனச்சோர்வு நோயின் பிரதான அடையாளமாக இருக்கலாம். அத்தகையவரிடம் "சின்னச் சின்ன சந்தோஷங்களைக் கவனி" என்பது, கால் முறிந்தவரை நடந்து காட்டச் சொல்வதற்குச் சமானம். சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திராமல் அன்றைக்கே உதவி நாட வேண்டும். வீட்டார் அவரைத் தனியே விடலாகாது.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, தமிழில் பேசலாம், இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குவதால் எந்த ஷிப்டில் இருப்பவரும் அழைக்கலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுகிறவர்களில் பலர், காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மட்டுமே இ.எஸ்.ஐ. அட்டை என்று நினைக்கிறார்கள். மனநோய்க்கும் அது செல்லும், குடும்பத்தாருக்கும் செல்லும். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்களை அரசு மருத்துவமனைகளில் பார்க்கலாம். அவர்கள் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால், தம் வருத்தத்தைக் காதில் வாங்கவில்லை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்: தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, பி-12 வைட்டமின் குறைவு ஆகியவையும் இதே சோர்வைத் தரும், அவற்றுள் ஒன்றுதான் காரணம் என்று தெரிந்தால், சிகிச்சையின் வழியே வேறாகிவிடும்.