திராட்சையிலும் சிறிய இலக்கு!

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஒன்று பத்து மீட்டர் தூரத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒற்றைக் கையில் பிஸ்டலைப் பிடித்து அதைக் குறி தவறாமல் சுட முடியுமா? போட்டியில் பத்துப் புள்ளி தரும் வட்டம் அந்தப் பழத்தையும்விடச் சிறியது. அதன் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான்!

ஓடியும் குனிந்தும் பல இலக்குகளை வேகமாகச் சுடும் போட்டியும் உலகில் உண்டு. அதற்கென்றே 1976-ல் அமெரிக்காவில் சர்வதேச சம்மேளனம் அமைந்தது. ஆனால், ஓடுவதற்கு முன் நிற்கப் பழக வேண்டாமா? தேனி, போடி, கம்பம் வாலிபர்களுக்கு முதல் வாசல் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான்.

லைசென்ஸ் வேண்டுமா?

2016-ம் வருட ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குண்டு போடும், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியுள்ள ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம். வெடிமருந்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம். அதைப் பெற 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

லைசென்ஸ் இல்லை என்பதற்காகத் தோப்பில் குருவி சுடக் கிளம்பிவிடக் கூடாது. அது குற்றம்! மதுரை ரைபிள் கிளப் போன்ற சங்கத்தில் சேர்ந்து பயிற்சியாளரிடம் பழகுவதே முறை.

முதல் பாடம்

குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழல் முனை இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடும் நேரம் வரை விரல் விசையைத் தொடக் கூடாது.

பிறகுதான் குறி பார்ப்பது. கண் பார்க்க வேண்டியது இலக்கை அல்ல. குழல் நுனியிலுள்ள குறிமுள்ளை! இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். விசையை வெடுக்கென்று இழுத்தால் குறி தவறும். மெள்ள அழுத்த வேண்டும்.

குண்டே போடாமல் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து இப்படிப் பல நாள் பழகுகிறார்கள். போட்டியில் 75 நிமிஷத்தில் 60 குண்டு சுட வேண்டும். கை சோர்ந்தால் எல்லாம் போயிற்று!

ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு

அரியானாவைச் சேர்ந்த மனு பாக்கருக்கு 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 19 வயது. தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாயிற்று. நிமிஷங்கள் வீணாயின. இறுதிச் சுற்று வாய்ப்பும் போயிற்று.

அவர் விட்டுவிடவில்லை. 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். தனிநபர் போட்டியில் வெள்ளி கைநழுவியது 0.1 புள்ளியில்! வெள்ளைச் சுவரின் முன் பொறுமையோடு நிற்பது அந்தப் பத்தில் ஒரு பங்குக்காகத்தான்.