பாம்புக்கு வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும்

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது நம்மவர் வாக்கு. ஆயினும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பாம்பை வீட்டிலே கண்ணாடிப் பெட்டியுள் வளர்ப்போர் பலர் உளர். அவர்களுட் பலர் விரும்பி வளர்ப்பது, மேற்கு ஆபிரிக்காவிலும் மத்திய ஆபிரிக்காவிலும் வாழும் அரச மலைப்பாம்பு. அச்சமுற்றால் தலையை உள்ளே மறைத்துப் பந்துபோற் சுருண்டுகொள்ளும் நஞ்சற்ற பிராணி அது. குளிர்நாட்டு வீட்டில் அது நலமாக வாழ்வதற்கு வேண்டுவன யாவை என இங்கு நோக்குவோம்.

நம் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்குகிறது. பாம்போ சூழலிலிருந்தே வெப்பத்தைப் பெறுகிறது. வெயிலையும் வளையையும் மாறி மாறி நாடித் தன் உடல் வெப்பநிலையைச் சீர்செய்துகொள்ளும். விழுங்கிய இரை சமிப்பதற்கும் வெப்பம் வேண்டும். குளிர் மிகுந்தால் இரையைக் கக்கிவிடும். ஆதலால் பெட்டி முழுவதும் ஒரே சூடாயிருத்தல் தவறு. ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியசும், மறுபக்கம் 24 முதல் 27 பாகையும் இருத்தல் நன்று. இரு பக்கத்திலும் மறைவிடம் அமைத்தல் வேண்டும்.

இத்தகைய வேறுபட்ட வெப்பத்தின் அவசியத்தை உணர்ந்து கட்டடமே அமைத்தவர் யோன் புரொக்டர் என்னும் ஆங்கிலப் பெண்மணி. இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் ஊர்வனவற்றின் காப்பாளராயிருந்த அவர், 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஊர்வன இல்லத்தில், இடத்துக்கிடம் வெவ்வேறளவில் மின்வெப்பம் கிடைக்கச் செய்தார். நெடுங்காலம் நோயுற்றிருந்தும் அயராதுழைத்த அவர், 1931இல் தமது 34ஆவது வயதிற் காலமானார்.

வெப்பமூட்டும் கருவியை வெப்பநிறுத்தியுடன் இணைத்தே பயன்படுத்துதல் வேண்டும். குறித்த சூடு வந்ததும் அது மின்சாரத்தைக் குறைத்துவிடும். மின்குமிழைச் சுற்றிக் கம்பிவலையும் அவசியம். மிகுந்த சூட்டின்மேற் கிடக்கும் பாம்பு உடனே விலகுமென நம்புதல் ஆகாது. வயிறு வெந்து புண்பட்ட பாம்புகள் பல.

வெப்பத்தோடு ஈரப்பதனையும் கவனித்தல் வேண்டும். காற்றைச் சூடாக்கினால் அதிலுள்ள நீராவி குறையாதிருப்பினும், ஈரப்பதன் வீதம் குறைந்துவிடும். சூடான காற்று கூடுதலான நீராவியை ஏற்கவல்லதாகையால் இவ்வாறு நிகழ்கிறது. அரச மலைப்பாம்பு பகற்பொழுதில் எலிவளைகளிலும் கறையான் புற்றுகளிலும் தங்குவது. அங்கு வெளியிலும் ஈரம் அதிகம். ஆதலாற் பெட்டியில் 50 முதல் 60 வீதம்வரை ஈரப்பதன் இருத்தல் வேண்டும். தோலுரிக்கும் காலத்தில் இதனிலும் சற்றுக் கூடலாம்.

ஈரம் போதாவிடிற் தோல் துண்டு துண்டாக உரியும். கண்ணை மூடிய சவ்வு கழலாது தங்கிவிடும். வாலின் நுனியில் வளையமாய் எஞ்சிய தோல் இரத்தவோட்டத்தைத் தடுக்க, அந்நுனியே அழிந்துபோதலும் உண்டு. அகன்ற நீர்ப்பாத்திரமும், ஈரப்பாசியிட்ட மறைவிடமும், தென்னந் தும்புத்தூட் படுக்கையும் இக்குறையைப் போக்கும். நம் நாட்டிலிருந்தும் இத்தும்புத்தூள் ஏற்றுமதியாகிறது. ஆயினும் காற்றோட்டமின்றி எப்போதும் நனைந்திருந்தாற் தோற்புண்ணும் சுவாச நோயும் தோன்றும்.

கையால் தொட்டுப்பார்த்துச் சூட்டை மதிப்பிடுதல் போதாது. இரு பக்கத்திலும் வெப்பமானியும், உள்ளே ஈரமானியும் வைத்து, சில நாட்கள் அளவுகள் நிலைத்திருக்கக் கண்ட பின்னரே பாம்பைக் கொண்டுவருதல் முறை. காட்டிலுள்ள பாம்பு இடம் பிடிக்காவிட்டால் வேறிடம் செல்லும். பெட்டியில் அடைபட்ட பாம்புக்கு அவ்வழியில்லை. அதன் வெயிலுக்கும் நிழலுக்கும் அதனை அடைத்தவரே பொறுப்பாவார் என்போம்.