பழைய றச்சற்றுக்கு விலை குறைவது ஏன்?

இடம்பெயரும் குடும்பம் எதைக் கையில் எடுக்கும், எதை விட்டுச் செல்லும்? 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2009 இல் வன்னியின் கடைசிக் கரைவரை ஒதுங்கியவர்களும் இக்கேள்விக்குச் சில மணி நேரத்துக்குள் விடை காண வேண்டியிருந்தது. பாரமான இரும்புச் சாமான்கள் பெரும்பாலும் பின்னே விடப்பட்டன. சில வீடுகளில் மட்டும் தகப்பனாரின் உபகரணப் பெட்டி எப்படியோ கூடவே வந்து சேர்ந்தது.

பிள்ளையின் படிப்புக்கோ விதைநெல்லுக்கோ காசு தேவைப்படும்போது அந்தப் பெட்டி திறக்கப்படுகிறது. அதிலுள்ள றச்சற்றைக் கடைக்காரர் இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பழைய சாமான்” என்று இரும்பு விலை சொல்கிறார். இது ஏமாற்றா? சில வேளைகளில் ஆம். ஆனால் எப்போதும் அப்படியல்ல. பழைய றச்சற் சிலவற்றுக்கு விலை குறைவதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. அவற்றை அறிந்தவரே விற்பதா, வைத்திருப்பதா என்று சரியாக முடிவு செய்யலாம்.

உள்ளே இருப்பது என்ன?

றச்சற் என்பது ஒரு பக்கம் இறுக்கி, மறுபக்கம் வெறுமனே திரும்பும் கைபிடி. அதன் தலைக்குள் ஒரு பற்சக்கரம், அதன் பற்களில் விழும் ஒரு நாக்கு, நாக்கைத் தள்ளும் ஒரு சிறு சுருள்வில் ஆகியவை இருக்கின்றன. வெளியே நீட்டி நிற்கும் சதுர முனையில் சொக்கற்றை மாட்டுகிறோம். சொக்கற்றைச் சுரையிலிருந்து எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டி இறுக்கலாம் என்பதே இதன் சிறப்பு. அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தில் ஜே. ஜே. றிச்சட்சன் என்பவர் 1863 இல் இத்தகைய கருவிக்கு உரிமம் பெற்றார். 1920 இல் தொடங்கிய ஸ்னாப்-ஒன் நிறுவனம் ஐந்து கைபிடிகளையும் பத்துச் சொக்கற்றுகளையும் மாற்றி மாற்றி மாட்டும் முறையைப் பரப்பியது.

விலையைக் குறைக்கும் காரணங்கள்

முதலாவது, உட்பாகம் கிடைக்காமை. கைபிடி நூறு வருடம் கிடக்கும். தேய்வது நாக்கும் சுருள்வில்லும்தான். அவை கடையில் கிடைத்தால் பழைய றச்சற் மீண்டும் புதிதாகும். கிடைக்காவிட்டால் அது ஓர் இரும்புத் துண்டு. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1927 முதல் ‘கிறாவ்ற்ஸ்மன்’ என்ற பெயரில் உபகரணங்களை விற்றது. அவற்றைச் செய்தவர்கள் வேறு தொழிற்சாலைக்காரர். ஆகவே ஒரே பெயர் பொறித்த இரு றச்சற்றுகளின் உள்ளமைப்பு ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. 2017 இல் அந்தப் பெயரே வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பெயரைப் பார்த்து மட்டும் வாங்குபவர் இங்கேதான் தவறுகிறார்.

இரண்டாவது, பற்களின் எண்ணிக்கை. ஒரு வட்டம் 360 பாகை. 24 பல் உள்ள றச்சற்றில் கைபிடியை 15 பாகை ஆட்டினால்தான் அடுத்த பல் பிடிக்கும். 36 பல்லுக்கு 10 பாகை; 72 பல்லுக்கு 5 பாகை போதும். இயந்திரத்தின் இடுக்கில் கை அசைக்க இடமில்லாத மெக்கானிக், நுண்பல் உள்ளதையே தேடுவார். பெரும்பல் உள்ள பழையதுக்கு அவர் காசு கொடுக்கமாட்டார்.

மூன்றாவது, சதுர முனையின் அளவு. இன்று உலகெங்கும் பெரும்பாலும் வழங்குபவை 1/4, 3/8, 1/2, 3/4 அங்குல முனைகள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் 9/32, 7/16, 5/8 அங்குல முனைகளும் செய்யப்பட்டன. அவற்றுக்கு இன்று சொக்கற் தேடி அலைய வேண்டும்.

நான்காவது, வசதி. பிந்திய றச்சற் பலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் சொக்கற் கழன்று விழும். ஒயில் பட்ட கையால் பழையதிலிருந்து சொக்கற்றை இழுத்தெடுப்பது பெரும்பாடு.

ஐந்தாவது, நாமே செய்த சேதம். றச்சற்றைச் சுத்தியலாகப் பாவிப்பது, கைபிடியில் நீளக் குழாய் செருகி இழுப்பது, மழையில் போட்டுவிடுவது ஆகியன பற்களை உடைத்து, குரோமியப் பூச்சை உரித்துவிடுகின்றன.

அங்குலமா, மில்லிமீற்றரா?

இதில் பலர் மயங்குகின்றனர். சொக்கற்தான் அங்குலம் அல்லது மில்லிமீற்றர், றச்சற் அப்படியல்ல. மில்லிமீற்றர்ச் சொக்கற்றின் பின்புறச் சதுரமும் அங்குல அளவுக்கே செய்யப்படுகிறது. ஆகவே அரை அங்குல முனையுள்ள பழைய றச்சற்றில் இன்று வாங்கும் 17 மில்லிமீற்றர்ச் சொக்கற்றும் பொருந்தும்.

ஆனால் பழைய சொக்கற்றுகளைக் கவனிக்க வேண்டும். 3/4 அங்குலச் சொக்கற் 19 மில்லிமீற்றர்ச் சுரைக்கு ஏறக்குறையச் சரி. 11/16 அங்குலமோ 17 மில்லிமீற்றர்ச் சுரையில் ஆடும். பலமாக இழுத்தால் சுரையின் மூலைகள் மழுங்கிவிடும். பழைய பிரித்தானிய விற்வேர்த் அளவு இன்னும் மயக்கம் தருவது. அதில் 1/4 என்று பொறித்திருந்தால் அது ஆணியின் பருமன். சுரையின் அகலம் 13.3 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். அதேவேளை, மசி பேர்கசன் 35, 135 போன்ற பழைய உழவு இயந்திரம் வைத்திருப்பவருக்கு அங்குலச் சொக்கற் இன்றும் தேவை. ஊரில் அவர் யாரென்று விசாரித்து அவரிடமே கொண்டுசெல்லுங்கள். கடைக்காரரைவிட அவர் கூடக் கொடுப்பார்.

அறியாமல் விற்ற ஓர் இளைஞன்

பொத்தானை அழுத்திச் சொக்கற்றைக் கழற்றும் முறையொன்றைக் கண்டுபிடித்தவர் பீற்றர் றொபேட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர். 18 வயதில் சியர்ஸ் கடையொன்றில் வேலை செய்தவர். 1965 இல் அவருக்கு உரிமம் கிடைத்தது. இதற்குப் பெரிய மதிப்பில்லை என்ற எண்ணத்தில் விடப்பட்ட அவர், ஆகக்கூடியது 10,000 டொலருக்கு உரிமையைக் கொடுத்துவிட்டார். பின்னர் அந்த றச்சற்றுகள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. 1969 இல் அவர் வழக்குத் தொடர்ந்தார். இருபது ஆண்டுகள் இழுபட்ட பிணக்கு, 1989 இல் 82 இலட்சம் டொலர் கொடுபட்டுத் தீர்ந்தது.

நமக்கு வழக்குப் பேச வசதியில்லை. விற்குமுன் அறிந்துகொள்வதே நமது பாதுகாப்பு.

விற்குமுன் பார்க்க வேண்டியவை

சொக்கற்றை ஓர் இறுகிய சுரையில் மாட்டி, மெதுவாகப் பாரம் கொடுங்கள். ‘கடக்’ என்று வழுக்கினால் பல்லோ நாக்கோ தேய்ந்துள்ளது. அதை யாருக்கும் நல்லதென்று விற்கலாகாது. வழுக்கும் றச்சற் கையை உடைக்கும். இரு திசையிலும் இப்படிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் மறுபக்கத்துக்குப் பாவிக்கலாம்.

பிடிக்காமல் சுற்றினால் உடனே எறிந்துவிட வேண்டாம். பல வேளைகளில் உள்ளே காய்ந்த கிறீஸ்தான் நாக்கை ஒட்டவைத்திருக்கும். விரித்த துணியின் மேல் வைத்துத் தலையைத் திறவுங்கள். சுருள்வில் தெறித்துத் தொலையக்கூடும். பாகங்கள் இருந்த ஒழுங்கை மனதில் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மெல்லிய ஒயில் இரண்டு சொட்டு விடுங்கள். தடித்த கிறீஸை அள்ளிப் பூசினால் நாக்கு மறுபடியும் ஒட்டும்.

றச்சற்றையும் சொக்கற்றுகளையும் ஒரே குவியலாக நிறுத்து விற்காதீர்கள். முனையின் அளவையும் பற்களின் எண்ணிக்கையையும் சொல்லித் தனித்தனியே விலை கேளுங்கள்.

விலை வேறு, பயன் வேறு

கடைசியாக ஒன்று. சந்தையில் விலை குறைந்தது தோட்டத்தில் பயன் குறைந்ததாகிவிடாது. பெரும்பல் றச்சற்றின் ஒவ்வொரு பல்லும் தடித்தது. சிறிது மண்ணும் தூசும் புகுந்தாலும் வேலை செய்யும். நீரிறைக்கும் இயந்திரத்தையும் இரு சில்லு உழவு இயந்திரத்தையும் கழற்றிப் பூட்டும்போது, கை அசைக்க அநேகமாக இடமிருக்கும். அதற்கு 24 பல் தாராளமாகப் போதும். மெக்கானிக் வேண்டாமென்று தள்ளியதை விவசாயி மலிவாக வாங்கிப் பல்லாண்டு பாவிக்கலாம்.

மீளக் குடியேறி, ஒவ்வொரு சாமானாக மீண்டும் சேர்க்கும் குடும்பங்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. இரும்பு விலைக்குக் கேட்கும் நல்ல றச்சற்றைக் கொடுத்துவிட்டு, அடுத்த போகத்தில் ஒரு சுரையைக் கழற்ற அயல்வீட்டுக்கு ஓடுவதில் இலாபம் எதுவுமில்லை. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து தம்மிடமுள்ளவற்றை ஒரு பெட்டியில் இட்டு, எடுப்பவர் பெயரைக் கொப்பியில் எழுதிப் பொதுவாகப் பாவிப்பதும் நடக்கக்கூடியதே. தகப்பனாரின் பெட்டியை விற்கத்தான் வேண்டுமென்றால் விற்போம். ஆனால் அதில் இருப்பது என்னவென்று அறிந்து விற்போம்.